செங்குன்றத்துத் தீவனக் கடையும் என் ஐந்து கறவைகளும்: எட்டு மாதம் போட்டுப் பார்த்த மதிப்பீடு

செங்குன்றத்தில் அரிசி ஆலைகள் எங்கெங்கே இருக்கின்றனவோ, அங்கெல்லாம் சற்றுத் தள்ளி ஒரு மாட்டுத் தீவனக் கடையும் இருக்கும். தவிடு விழுகிற இடத்தில் தீவனக் கடை முளைப்பது இயல்புதான். அப்படிப்பட்ட ஒரு கடையில் சென்ற ஐப்பசி முதல் இந்த வைகாசி வரை தொடர்ந்து வாங்கிய பொருள்களைப் பற்றியும், அந்தக் கடையைப் பற்றியும் எழுதுகிறேன். அங்கே வாங்கிப் பார்த்தவை ஐந்து: ஒரு தனியார் நிறுவனத்தின் குச்சித் தீவனம், கடைக்காரரே அரைத்து மூட்டை கட்டித் தரும் கலப்புத் தீவனம், கால்சியம் டானிக், பைபாஸ் கொழுப்பு, மாடுகள் நக்குவதற்கான யூரியா வெல்லப்பாகுக் கட்டி. ஆறாவதான தாது உப்புக் கலவையை வேறிடத்தில் வாங்கினேன். ஆனால் அதைச் சொல்லாமல் மற்றவற்றை எடைபோட முடியாது. இந்த ஆறில் இரண்டு என் தொழுவத்தில் நிலைத்துவிட்டன, இரண்டு பருவம் பார்த்து வருகின்றன, மற்ற இரண்டுக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

என் மாடுகள் எப்படித் தின்கின்றன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கட்டுத்தறியிலேயே நிறுத்தித் தீனி போடுகிறவருக்கு என் கணக்கு பொருந்தாது. சோழவரம் பக்கத்தில் மூன்று ஜெர்சி கலப்பும் இரண்டு ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பும் வைத்திருக்கிறேன். காலைக் கறவை முடிந்து ஏழரை மணிக்கு அவிழ்த்துவிட்டால், மாலை மூன்றரை வரை தரிசிலும், அறுப்பு முடிந்த வயலிலும், வாய்க்கால் ஓரத்திலும் மேய்ந்துவிட்டு வரும். ஐப்பசி மழை விழுந்தது முதல் தை வரைக்கும் நீர்ப்புல்லும் அருகும் தாராளமாகக் கிடைக்கும். மாசியில் புல் கதிர் தள்ளிக் காய ஆரம்பித்து, பங்குனி, சித்திரையில் மாடு நாள் முழுக்க நடந்து வந்தாலும் வயிறு ஒட்டியே இருக்கும். பத்து சென்ட் நிலத்தில் கோ-5 கம்பு நேப்பியர் என்ற தீவனப் புல் போட்டிருக்கிறேன். ஐந்து மாட்டுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரிதான்.

வெப்ப நாட்டுப் புல்லின் குணம் இதுதான்: வேகமாக வளரும், வேகமாக முற்றும். தளிராக இருக்கும்போது மாட்டுக்குப் போதிய புரதம் தருகிற அதே புல், கதிர் வந்த பிறகு நாரும் மரத்தன்மையுமாக மாறிவிடுகிறது. உண்ணும் தீனியில் கச்சாப் புரதம் ஏறத்தாழ 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், அசையூன் வயிற்றில், அதாவது தின்றது முதலில் போய் ஊறும் பெரிய வயிற்று அறையில், உள்ள நுண்ணுயிர்களுக்கே உணவு போதாமல், நாரைச் செரிக்கும் வேலை மந்தமாகிவிடும். வயிற்றில் இருப்பது செரித்து நகராததால் மாடு மேலும் தின்னாது. வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான் என்பதை நினைத்தால், வைக்கோல் போர் முழுக்கக் கிடைத்தும் மாடு ஏன் இளைக்கிறது என்பது விளங்கும். மழைக்காலத்தின் சிக்கல் வேறு. புல் இளசாக இருக்கும், ஆனால் பெரும்பகுதி தண்ணீர். நூறு கிலோ பச்சைப் புல்லில் இருபது கிலோ உலர்பொருள் இருந்தால் அதிகம். 400 கிலோ எடையுள்ள கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் 2.5 முதல் 3 சதவீதம், அதாவது 10 முதல் 12 கிலோ உலர்பொருள் வேண்டும். அதைப் புல்லில் மட்டும் எடுக்க ஐம்பது அறுபது கிலோ மேய வேண்டும். எங்கள் தரிசில் அது நடக்கிற காரியமில்லை. எனவே மேய்ச்சலுக்கு மேல் கொடுக்கும் இணைத்தீவனம் தேவையா என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. எதை, எப்போது, எவ்வளவு என்பதில்தான் கடைக்காரருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு.

குச்சித் தீவனத்தை எடுத்துக்கொள்வோம். 50 கிலோ மூட்டை நான் வாங்கத் தொடங்கியபோது 1,450 ரூபாய். கிலோ 29 ரூபாய் ஆகிறது. கடைக்காரர் மூட்டையைத் தட்டிக்கொண்டே, "ஒரு கிலோ போட்டா ரெண்டரை லிட்டர் பால் வரும், அண்ணே. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. இந்த வாக்கியத்தை எல்லாத் தீவனக் கடையிலும் கேட்கலாம், கையேடுகளிலும் ஏறத்தாழ இதே எண்தான் இருக்கிறது. ஆனால் கையேட்டில் உள்ள பொருள் வேறு, கடையில் சொல்லும் பொருள் வேறு. உடல் பராமரிப்புக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோவும், அதற்கு மேல் கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோவும் அடர்தீவனம் (குச்சித் தீவனம் போலச் சத்துச் செறிந்த தீவனம்) கொடுக்க வேண்டும் என்பது மாடு ஏற்கெனவே கறந்துகொண்டிருக்கும் பாலுக்கான தேவைக் கணக்கு. 4 சதவீதக் கொழுப்புள்ள ஒரு லிட்டர் பாலுக்குச் சுமார் 90 கிராம் கச்சாப் புரதம் தீனியில் வர வேண்டும். 20 சதவீதப் புரதமுள்ள தீவனம் 400 கிராமில் 80 கிராம் வந்துவிடுகிறது. கையேட்டு எண்ணின் பிறப்பு ஏறத்தாழ இப்படித்தான். கூடுதலாக ஒரு கிலோ போட்டால் கூடுதலாக இரண்டரை லிட்டர் வரும் என்று அது எங்கும் சொல்லவில்லை.

வாயால் பேசுவதைவிடப் போட்டுப் பார்ப்பது மேல் என்று கார்த்திகை இரண்டாம் வாரத்தில் இரண்டு ஜெர்சி கலப்புகளுக்கு, செவலைக்கும் சிட்டுவுக்கும், தினம் 3 கிலோவாக இருந்ததைப் பத்து நாளில் சிறிது சிறிதாக ஏற்றி 5 கிலோ ஆக்கினேன். இரண்டும் ஈன்று நான்கு மாதம் ஆனவை. எட்டு லிட்டர் சுமாருக்குக் கறந்தவை. முதல் வாரத்தில் அரை லிட்டர் ஏறியது. மூன்றாவது வாரத்தில் ஒரு லிட்டரில் நின்றது. அதற்கு மேல் நகரவில்லை. இரண்டு கிலோவுக்குச் செலவு 58 ரூபாய், ஒரு லிட்டருக்கு எனக்குக் கிடைத்தது 38 ரூபாய். நட்டம் எங்கே போகிறது என்பதை மேய்ச்சலுக்குப் போய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது. மற்ற மாடுகள் மூன்று மணி வரை தலையைக் குனிந்தபடி இருக்க, இவை இரண்டும் ஒரு மணிக்கே கருவேல நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. தொட்டியில் கொடுத்ததற்கு ஈடாகத் தரையில் இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிட்டன. நல்ல புல் இருக்கும் காலத்தில் தீவனம் புல்லோடு சேர்வதைவிட, புல்லின் இடத்தை எடுத்துக்கொள்வதே அதிகம். போதாததற்கு, பால் சங்கத்தில் எடுத்த பாலின் கொழுப்பு அளவும் 4.3-லிருந்து 3.9-க்கு இறங்கியது. நார் குறைந்து மாவுச்சத்து கூடினால் கொழுப்பு இறங்கும். கொழுப்பையும் இதர சத்தையும் பார்த்து விலை போடும் இடத்தில் அதுவும் பணம்தான். மார்கழி பிறந்ததும் பழைய 3 கிலோவுக்கே திரும்பிவிட்டேன்.

கோடையில் அதே தீவனம் வேறு முகத்தைக் காட்டியது. மழைக்காலச் சோதனை தந்த தைரியத்தில், பங்குனியில் 4 கிலோவாக இருந்ததை 2 கிலோவாகக் குறைத்துப் பார்த்தேன். செவலை 7 லிட்டரிலிருந்து பதினைந்து நாளில் 5 லிட்டருக்கு வந்துவிட்டது. விலா எலும்பை எண்ணலாம் போல் ஆயிற்று. மிச்சப்படுத்தியது 58 ரூபாய், இழந்தது 76 ரூபாய். பயந்துபோய் மறுபடி 4 கிலோ போட்டும், மூன்று வாரம் கழித்து ஆறு லிட்டரைச் சற்றுத் தாண்டியதே ஒழிய பழைய ஏழைத் தொடவில்லை; கறவையின் நடுவில் விழுந்த பால் முழுக்க எழுந்திருப்பது அரிது. வைக்கோலும் காய்ந்த தாளும் மட்டுமே கிடைக்கும்போது, தீவனத்தின் புரதம் பாலுக்கு மட்டுமா போகிறது? வயிற்று நுண்ணுயிர்களுக்கும் அதுவே உணவு என்பதால், அந்த வைக்கோலையே செரிக்க வைக்கும் சாவியாகவும் வேலை செய்கிறது. சாவியைக் குறைத்ததால் வைக்கோலும் உள்ளே போகவில்லை. கார்த்திகையில் நட்டம் கொடுத்த மூட்டை பங்குனியில் லாபம் கொடுக்கிறது என்றால், மதிப்பெண் போட வேண்டியது மூட்டைக்கா, பருவத்துக்கா என்று கேட்கத் தோன்றுகிறது.

இதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு. தை மாதம் ஈன்ற ஹெச்.எஃப். கலப்பான கருப்பிக்கு, ஈனுவதற்கு முன் கடைசி இரண்டு மாதம் தினம் இரண்டு கிலோவும், ஈன்ற பிறகு படிப்படியாக ஏற்றி ஏழு கிலோவரைக்கும் கொடுத்தேன். ஈன்ற முதல் இரண்டு மூன்று மாதம் பால் உச்சத்துக்கு ஏறும் அளவுக்கு மாட்டின் பசி ஏறுவதில்லை. உடலில் உள்ள கொழுப்பைக் கரைத்துத்தான் அது பால் தருகிறது. அந்த நேரத்தில் கை இழுத்தால் பாலோடு போகாது, அடுத்த சினையும் தள்ளிப்போகும். கருப்பி 14 லிட்டர் தொட்டு இரண்டு மாதம் நின்றது. அதனிடம் ஒவ்வொரு கிலோவும் தன் விலையைத் திருப்பித் தந்தது என்று தயங்காமல் சொல்வேன்.

தரத்தைப் பற்றி. மூட்டையில் தைத்திருந்த சீட்டில் கச்சாப் புரதம் 20 சதவீதம், ஈரப்பதம் 11 சதவீதத்துக்கு மிகாமல் என்று இருந்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2052 இரண்டாம் வகைத் தீவனத்துக்குக் கேட்பதும் அதைத்தான். முதல் வகைக்கு 22 சதவீதம் வேண்டும். ஆனால் இந்தச் சீட்டைப் படிப்பவர் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கச்சாப் புரதம் என்பது தழைச்சத்தை அளந்து 6.25 ஆல் பெருக்கி வரும் எண். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருப்பதால், தீவனத்தில் ஒரே ஒரு சதவீதம் யூரியா கலந்தால் சீட்டில் புரதம் ஏறத்தாழ 2.9 சதவீதம் ஏறிவிடும். வளர்ந்த மாட்டின் நுண்ணுயிர்கள் அளவான யூரியாவைப் பயன்படுத்திக்கொள்ளும் என்பதால் அது குற்றமில்லை. ஆனால் அசையூன் வயிறு முழுக்க வளராத கன்றுக்கு அந்த மூட்டையிலிருந்து அள்ளிப் போடக் கூடாது. மண் கலப்பைப் பார்க்க நான் செய்வது பழைய வழி: ஒரு பிடித் தீவனத்தைக் கண்ணாடித் தம்ளரில் கரைத்துப் பத்து நிமிடம் வைத்தால், அடியில் படிவது நறநறவென்று இருக்கிறதா என்று விரலால் தெரிந்துகொள்ளலாம். எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட இந்தக் குச்சித் தீவனத்தில் மணல் தட்டுப்படவில்லை. குச்சிகள் உடைந்து தூளாகாமலும் இருந்தன.

எங்கள் பக்கத்தில் எந்தத் தீவனத்தையும் தண்ணீரில் கரைத்து வாளியில் காட்டும் வழக்கம் இருக்கிறது. குச்சித் தீவனத்துக்கு அது வேண்டாம். உலர்வாகவோ லேசாக ஈரம் தெளித்தோ கொடுத்தால் மாடு மென்று தின்னும். மெல்லும்போது சுரக்கும் உமிழ்நீரில் உள்ள சோடா உப்புதான் வயிற்றில் அமிலம் ஏறாமல் காக்கிறது. தண்ணீரைத் தனியாகத் தொட்டியில் எப்போதும் வைத்துவிடுவது நல்லது. என் மனைவி இதற்கு முதலில் உடன்படவில்லை. இரவே ஊறவைத்துக் காலையில் கரைத்துக் கொடுப்பதுதான் அவர் மாமியாரிடம் கற்ற முறை. ஊறவைத்தது சித்திரை வெயிலில் விடிவதற்குள் புளித்து நாறியபோது அவரே நிறுத்திவிட்டார்.

கடைக்காரரின் சொந்தக் கலப்புத் தீவனம் கிலோ 24 ரூபாய்தான். மக்காச்சோள மாவு, தவிடு, உளுந்தம்பொட்டு, தேங்காய்ப் புண்ணாக்கு, சிறிது கடலைப் புண்ணாக்கு என்று வாயால் சொன்னார்; எழுத்தில் எதுவும் இல்லை. முதல் இரண்டு மூட்டைகள் நன்றாகவே இருந்தன, மாடுகளும் குச்சியைவிட இதை விரும்பித் தின்றன. மூன்றாவது மூட்டையில் தவிடு மிகுந்து காறலடித்தது. எண்ணெய் எடுக்காத அரிசித் தவிடு ஆலையிலிருந்து வந்த சில நாளிலேயே காறத் தொடங்கும். நீண்ட நாள் வைத்திருக்க வேண்டுமானால் எண்ணெய் எடுத்த தவிடுதான் சேர்க்க வேண்டும். நான்காவது மூட்டையில் உமி. தம்ளரில் கரைத்தபோது மேலே மிதந்தது பாதி, கீழே மணலாக நின்றது ஒரு விரல் அளவு. எடையும் ஒன்றரை கிலோ குறைவு. திருப்பி எடுத்துப்போனபோது கடைக்காரர் சண்டை போடாமல் மாற்றிக் கொடுத்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மூட்டைக்கு மூட்டை சத்து மாறும் தீவனத்தை வைத்துக்கொண்டு எந்த மாட்டுக்கு எவ்வளவு என்று எப்படி அளப்பது? மலிவு என்பது சீராக இருந்தால்தான் மலிவு. அதை நிறுத்திவிட்டு, பால் வற்றிய மாட்டுக்கு மட்டும் நானே தவிடும் எள்ளுப் புண்ணாக்கும் வாங்கிக் கலந்துகொள்கிறேன்.

பூஞ்சணம் பற்றிய ஒரு பாடம் எனக்கு முன்பே உண்டு. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோது, தொழுவத்தில் தரையோடு வைத்திருந்த மூன்று மூட்டைகள் நனைந்துவிட்டன. வெயிலில் காயவைத்துப் பச்சை படிந்த கட்டிகளை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைப் போட்டேன். அது என் மடமை. கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நச்சு கண்ணுக்குத் தெரியாது, காயவைத்தாலும் போகாது, மாட்டின் கல்லீரலைக் கெடுப்பதோடு பாலிலும் இறங்கும். பாலில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. நம் பால் போகும் வீட்டில் கைக்குழந்தை இருக்கலாம். அதற்குப் பிறகு மூட்டைகளை மரப்பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குகிறேன். ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்குவதில்லை. "பத்து மூட்டையா எடுத்தா விலை குறைச்சுத் தர்றேன்" என்று கடைக்காரர் ஆசை காட்டும்போது மழைக்காலத்தில் வேண்டாம் என்றே சொல்லிவிடுகிறேன்.

இந்த எட்டு மாதத்தில் கொடுத்த காசுக்கு மிகுதியாகத் திரும்பித் தந்தது எது என்று கேட்டால், தாது உப்புக் கலவை என்பேன். மாதவரம் பால் பண்ணையைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தயாரித்துத் தருவதைப் பயன்படுத்தினேன். காட்டுப்பாக்கத்தில் அவர்களுடைய வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒருமுறை பயிற்சிக்குப் போனபோது அறிமுகமானது. கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 50 கிராம், அதாவது தீவனத்தின் மேல் இரண்டு மூன்று கரண்டி; ஒரு மாட்டுக்குத் தினம் ஐந்து ரூபாய்க்குள் முடிந்துவிடும். கன்றுக்கு அளவு மிகக் குறைவு. எங்கள் மேய்ச்சலில் இதன் அவசியம் எளிதாகப் புரியக்கூடியது. ஒரு லிட்டர் பாலில் ஏறத்தாழ 1.2 கிராம் கால்சியமும் 0.9 கிராம் பாஸ்பரசும் வெளியே போகின்றன. எட்டு லிட்டர் கறக்கும் செவலையிடமிருந்து கால்சியம் மட்டும் தினம் பத்து கிராம் போகிறது. வைக்கோலில் இவை சொற்பம். அதில் உள்ள ஆக்சலேட் இருக்கிற கால்சியத்தையும் கட்டிப்போட்டுவிடும். இந்தியத் தர நிர்ணயப்படி, உப்புச் சேராத தாதுக் கலவையில் குறைந்தது 20 சதவீதம் கால்சியமும் 12 சதவீதம் பாஸ்பரசும் இருக்க வேண்டும் என்பதால், 50 கிராமில் 10 கிராம் கால்சியம் கிடைக்கும். அதில் மாடு உறிஞ்சிக்கொள்வது பாதிக்கும் குறைவுதான் என்றாலும் மீதியைப் புல்லும் தீவனமும் ஈடுகட்டும். துத்தநாகம், செம்பு, மாங்கனீசு, அயோடின், கோபால்ட் ஆகியவை அதில் இருப்பதுதான் அதைவிட முக்கியம்.

பலன் மெதுவாகத்தான் தெரியும். பத்து நாள் போட்டுவிட்டுப் பால் ஏறவில்லை என்று நிறுத்துகிறவர்களை அறிவேன். இரண்டு தடவை சினை ஊசி போட்டும் நிற்காமல் இருந்த சிட்டு, தாது உப்பு தொடங்கிய மூன்றாம் மாதத்தில் தெளிவாகப் பருவத்துக்கு வந்து, ஒரே ஊசியில் சினை பிடித்தது. சுவரை நக்குவதும், மேய்ச்சலில் பழந்துணியைக் கடிப்பதும் எல்லா மாடுகளிடமும் குறைந்தது. சிட்டு சினை பிடித்ததற்கு முழுப் பெருமையையும் தாது உப்புக்கே கொடுக்கமாட்டேன்; அதே மூன்று மாதமும் பச்சைப் புல் இருந்த காலம். ஆனாலும் ஒரு மாடு ஒரு சுற்றுப் பருவத்தைத் தவறவிட்டால், இருபத்தொரு நாள் சும்மா தீனி போட வேண்டும். அந்தச் செலவின் பக்கத்தில் ஐந்து ரூபாயை வைத்துப் பார்த்தால் எனக்கு யோசிக்க எதுவும் இல்லை. கல் உப்பைத் தனியாக முப்பது கிராம் சேர்த்துவிடுகிறேன்.

இதே கணக்கை வைத்துத்தான் கால்சியம் டானிக்கை எடைபோட்டேன். ஐந்து லிட்டர் கேன் 520 ரூபாய். தினம் 100 மில்லி கொடுக்கச் சொல்கிறது. சிட்டையில் 100 மில்லிக்கு 3.4 கிராம் கால்சியம் என்று அச்சிட்டிருந்தார்கள். பத்து ரூபாய்க்கு மேல் கொடுத்து 3.4 கிராம், அதில் பாதி விலைக்குத் தாது உப்பில் 10 கிராமும், கூடவே மற்றத் தாதுக்களும். வைட்டமின் டி சேர்ந்திருக்கிறது என்று கடைக்காரர் சொன்னார். வெயிலில் எட்டு மணி நேரம் மேய்கிற மாட்டுக்கு அந்தக் குறை வருவது எப்படி? கன்று ஈன்றவுடன் மாடு கால் தள்ளாடிப் படுத்துவிடும் பால் காய்ச்சலுக்கு இதைக் கொடுத்தால் போதும் என்று நினைப்பது ஆபத்து. அதற்கு மருத்துவர் வந்து ரத்தக் குழாயில் கால்சியம் ஏற்றியாக வேண்டும், தாமதித்தால் மாடு தங்காது. என் கேன் பாதியோடு பரணில் இருக்கிறது.

பைபாஸ் கொழுப்பு நல்ல பொருள்தான், தவறான தொழுவத்துக்கு வந்துவிட்டது. கொழுப்பைக் கால்சியத்தோடு பிணைத்து, அசையூன் வயிற்றில் கரையாமல் குடலில் போய்ச் செரிக்கும்படி செய்த தூள் அது. ஈன்ற மூன்று மாதத்துக்குள் இருக்கும், பதினைந்து லிட்டருக்கு மேல் கறக்கும் மாட்டுக்கு எரிசக்திப் பற்றாக்குறையை அது ஈடுசெய்யும். கருப்பிக்கு 100 கிராம் வீதம் போட்டதில் கொழுப்பு அளவு சற்று ஏறியது. எட்டு லிட்டர் ஜெர்சிகளிடம் ஒன்றும் காணவில்லை. கிலோ 190 ரூபாய் என்பதையும், சவுக்காரம் போன்ற அதன் வாடைக்கு மாடுகள் ஒரு வாரம் முகம் திருப்பின என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

யூரியா வெல்லப்பாகுக் கட்டி மழைக்காலத்தில் தொட்டியோரம் கிடந்து கசிந்தது; பச்சைப் புல் தின்று வரும் மாடு அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோடையில் இரவு வைக்கோலோடு தொங்கவிட்டபோது நன்றாக நக்கின, வைக்கோலும் மிச்சம் வைக்காமல் தின்றன. ஆனால் சித்திரையில் ஒரு நாள் நனைந்து இளகிய கட்டியைச் செவலை கடித்தே தின்ன முயன்றதைப் பார்த்து அலறிப்போனேன். யூரியா மெதுவாக உள்ளே போனால் தீனி, சட்டென்று போனால் நஞ்சு. கெட்டியான கட்டியை மட்டுமே, அதுவும் தீனி உண்ட வயிற்றோடு இருக்கும் மாட்டுக்கே வைக்க வேண்டும். கொஞ்சம் உழைக்க முடிந்தவர்கள் கட்டிக்குப் பதில் வைக்கோலையே பக்குவப்படுத்தலாம்: நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவைச் சுமார் ஐம்பது லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரம் வைத்தால், வைக்கோல் மஞ்சள் பழுப்பாக மாறி மென்மையாகிவிடும். எனக்கு அது ஒத்துவந்தது, ஆனால் ஆள் கூலி பார்த்தால் இரண்டு மாட்டுக்காரருக்கு வராது.

சென்னையில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. முகூர்த்த நாள் என்றால் கல்யாண மண்டபத்து மிச்சச் சோறு டிரம் டிரம்மாக மலிவாகவோ சும்மாவோ வரும். அதையும் இணைத்தீவனம் என்று நினைத்துப் போடுகிறவர்கள் உண்டு. சோற்றின் மாவுச்சத்து வயிற்றில் அதிவேகமாகப் புளித்து அமிலமாகி, மாடு வயிறு உப்பிப் படுத்துவிடும். பொங்கலுக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் வேப்பேரி மாட்டாஸ்பத்திரியில் நிற்பவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். அந்த டிரம்மில் இலையும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து வருவது தனிக் கதை.

கடையைப் பற்றி. தராசு மின்னணுத் தராசு. கேட்டால் கண்முன் நிறுத்துக் காட்டுகிறார்கள், கேட்காவிட்டால் காட்டுவதில்லை. பில் கேட்டால் மட்டும் பில். சோழவரம் வரை ஆட்டோவில் அனுப்ப மூட்டைக்கு இருபது ரூபாய். சொன்ன நாளில் வந்துவிடுகிறது. பதினைந்து நாள் கடன் உண்டு. பழைய தேதி மூட்டையை முன்னால் தள்ளிவிடும் பழக்கம் ஏற்றும் பையன்களிடம் இருப்பதால், தயாரித்த தேதியை நாமே பார்த்து எடுக்க வேண்டும். எல்லாவற்றையும்விடக் குறையாக நான் கருதுவது, மாடு என்ன மேய்கிறது, ஈன்று எத்தனை மாதம், எவ்வளவு கறக்கிறது என்று ஒருமுறைகூட அவர் கேட்டதில்லை என்பதுதான். வருகிறவர் எல்லாருக்கும் ஒரே மருந்துச் சீட்டு: ஒரு மூட்டை, ஒரு கேன், ஒரு பாக்கெட் கொழுப்பு.

ஐந்து லிட்டருக்குக் கீழே கறக்கும், நாள் முழுக்கப் பச்சைப் புல்லில் மேயும் மாட்டை வைத்திருப்பவர், மழைக்காலத்தில் இந்தக் குச்சித் தீவனத்துக்குப் பெரிதாகச் செலவு செய்ய வேண்டியதில்லை. தாது உப்பும், கறக்கும்போது நிற்பதற்கு ஒன்றரை கிலோவும் போதும். கையருகே அகத்தியோ சவுண்டலோ கிளைரிசிடியாவோ இருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் ஆறு முதல் எட்டு கிலோ பயறுவகைத் தழை ஒரு கிலோ அடர்தீவனத்துக்கு ஈடாகும்; சாதாரணப் புல்லானால் அதற்கு இருபது கிலோ வேண்டும். சவுண்டலை மட்டும் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகவிடக் கூடாது, அதிலுள்ள மைமோசின் மயிர் உதிரச் செய்யும். மாசி முதல் ஆடி வரை தீவனத்தைக் குறைப்பது யாருக்கும் ஆகாது. கத்திரி வெயிலில் நான் அளவை மாற்றாமல் நேரத்தை மாற்றினேன்: விடியற்காலை நான்கரைக்கு ஒரு பங்கு, இரவு ஒன்பதுக்கு ஒரு பங்கு, மாலைக் கறவையில் கொஞ்சம். பகலில் மூச்சிரைத்து நிற்கும் ஹெச்.எஃப். கலப்பு இரவில் தொட்டியைக் காலி செய்துவிடும். ஒரே வேளையில் மூன்று கிலோவுக்கு மேல் எந்த மாட்டுக்கும் வைப்பதில்லை.

இந்த வாரம் கடைக்குப் போயிருந்தேன். ஆறு மூட்டை குச்சித் தீவனம் சொல்லிவிட்டு, பரணில் இருக்கும் அரைக் கேன் டானிக்கைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். உடைத்த கேனை எடுக்கமாட்டோம் என்றார். ஆடி முடிய இதே அளவு. ஐப்பசியில் முதல் மழை விழுந்து புல் ஒரு சாண் ஏறியதும் நான்கு மூட்டையாகக் குறைக்கப்போகிறேன் என்பதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.